செலவுப் பக்கம்

மூன்று விரல் போனால் முப்பது சதவீதம்.
சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது.
தனித்தனியே போனால்
சுட்டுவிரல் பதினான்கு, நடுவிரல் பன்னிரண்டு,
மோதிர விரல் ஏழு.
கூட்டினால் முப்பத்து மூன்று.
ஒரே இழுப்பில் போனதால் முப்பது.
"மொத்தமா எடுத்தா தள்ளுபடி போலருக்கு" என்றார் வைரக்கண்ணு.
சிரிக்கவில்லை. வலக்கையை
ஏலம் படியாத கூடையைச் சாக்கால் மூடுவதுபோல்
துண்டால் மூடியிருந்தார்.

அக்கரைப்பேட்டைப் படகு. நான்காம் நாள் இரவு,
கோடியக்கரைக்குக் கிழக்கே.
வலை ஏறிக்கொண்டிருந்தது. வின்ச்சில்
ரோப் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிக்க,
தட்டிவிடப் போன கை.
டிரைவர் இன்ஜினை நிறுத்துவதற்குள்
முடிந்துவிட்டது என்று மனுவில் எழுதியிருக்கிறேன்.
அவர் சொன்னது வேறு:
"வலிக்கலீங்க. கையுறை காலியாத் தெரிஞ்சிச்சு."

விரல்களையும் ஐஸில் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள்,
ஒரு கணவாய்ப் பெட்டியில்.
கரைக்குப் பதினொரு மணி நேரம்.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்
பெட்டியைத் திறந்து பார்த்த டாக்டர்
மூடிக் கொடுத்துவிட்டார்.
பிறகு அதை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
மனுவுக்கு அது தேவைப்படவில்லை.

படகுக்காரர் ரத்தினசபாபதி கெட்டவரில்லை.
அன்று ஆம்புலன்சுக்கு முன்னால் பைக்கில்
ஹாரன் அடித்து வழி விலக்கிக்கொண்டே போனவர்.
ஆனால் அவர் வக்கீலின் பதிலுரை சொன்னது:
மனுதாரர் தொழிலாளி அல்லர். பங்குக்காரர்.
பிடித்ததில் பங்கு வாங்கியவருக்குப்
பட்டதிலும் பங்கு உண்டு.

"அது சரிதானுங்களே" என்றார் என் கட்சிக்காரர்.
"எங்கப்பா பங்கு, நானும் பங்கு.
கூலின்னு மட்டும் கோர்ட்டுல சொல்லச் சொல்லாதீங்க."

மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டை
நகர்த்தி வைத்தேன். திரும்ப நகர்த்தி வைத்தேன்.
கூலி என்றால் முப்பது சதவீதம்.
பங்கு என்றால் ஒன்றுமில்லை,
ஆனால் பங்கு.

கணக்கு நோட்டைக் கேட்டு மனுப் போட்டேன்.
கடைமடைக்குத் தண்ணீர் வருவதுபோல் வந்தது,
நான்கு வாய்தா கழித்து, பாதி நோட்டாக.
பச்சை அட்டை. பிள்ளையார் சுழி. லாபம் என்று தலைப்பு.
அந்த நடைக்கான பக்கத்தில்
செலவு என்ற கோட்டுக்குக் கீழே
டீசல்
ஐஸ், நூற்றிருபது கட்டி
ஆள் ஆறு, படி
கிரீஸ்.

"பங்காளியைச் செலவில் எழுதுவீர்களா?"
ரத்தினசபாபதி மின்விசிறியைப் பார்த்தார்.
பிறகு வைரக்கண்ணுவைப் பார்த்தார்.
"அது கணக்குப்பிள்ளை எழுதினது" என்றார்.
தட்டச்சர் அதையும் அடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், ஜெயித்துவிடுவோம் என்றேன்.
பஸ் ஒன்று போயிற்று. அடுத்ததும் போயிற்று.
அவர் ஏறவில்லை.
"ஐஸுக்கு முன்னாடியா எழுதியிருக்கு, பின்னாடியா?"
பின்னால், என்றேன்.
கடுவையாற்றுப் பக்கமிருந்து கருவாட்டுக் காற்று வந்தது.
தலையாட்டினார். "ஐஸ் இல்லாம போவ முடியாதுல்ல."

உத்தரவு பதினெட்டாம் தேதி.
வங்கிப் படிவத்துக்காக இப்போது
இடக்கையால் கையெழுத்துப் பழகுகிறார்,
என் பழைய வழக்குக் கட்டுகளின் முதுகில்.
பெருவிரல் ரேகை போதும் என்று குமாஸ்தா சொல்லியும் கேட்கவில்லை.
அவர் பெயரில் சுழி அதிகம்.
ணகரத்தின் மூன்றாவது சுழியில்
பேனா பிடி விட்டு ஓடிவிடுகிறது.
அடித்துவிட்டு
மறுபடி 'வை'யிலிருந்து தொடங்குகிறார்.